வழக்கு மன்றம் விட்டு வகுப்பறைக்கு வந்த சொல்லின் செல்வர்

ஆலயம் எழுப்பிய கரங்களை நன்றியோடு நினைக்கும் ஜூபிலி வேளையில், நம் பிள்ளைகளின் உள்ளத்தில் அறிவை எழுப்பிய ஆசிரியப் பெருமக்களையும் நினைப்பது சாலப் பொருத்தமாகும். அந்த எண்ணத்தோடு, வக்கீல் தொழிலை விட்டு ஆசிரியப் பணிக்கு வந்த டாக்டர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் வாழ்க்கையை இங்கே சுருங்கக் கூறுகிறோம். அவர் சைவர்; நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் கிறிஸ்தவர்களாகிய நாம் அவருக்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

திருநெல்வேலிச் சீமையில் ராஜவல்லிபுரம் என்னும் சிற்றூரில் பிறவிப்பெருமான் பிள்ளை, சொர்ணம்மாள் தம்பதியருக்கு மகனாக 1896 மார்ச் 2 அன்று பிறந்தார். உயர்நிலைக் கல்வியைப் பாளையங்கோட்டையில் சேசு சபையாரின் தூய சவேரியார் பள்ளியில் பயின்றார். பின்னர் நெல்லை இந்துக் கல்லூரியிலும் சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் படித்துப் பட்டம் பெற்றார். பச்சையப்பன் கல்லூரியிலேயே தமிழ் கற்பித்துக்கொண்டு, சட்டக் கல்லூரியிலும் பயின்றார். ஆசிரியப் பணியின் சுவையை அவர் அன்றே அறிந்துவிட்டார் எனலாம்.

1923இல் நெல்லைக்குத் திரும்பி வக்கீல் தொழிலைத் தொடங்கினார். நகரமன்ற உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். காலப்போக்கில் சிதைந்து வழங்கிய தெருப் பெயர்களை ஆராய்ந்து, அவற்றின் பழைய நற்பெயர்களை மீண்டும் வழங்கச் செய்தார். கையில் தொழிலும் ஊரில் செல்வாக்கும் இருந்தன. அந்த நிலையில்தான் 1930இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்க அழைப்பு வந்தது. கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிதம்பரத்திற்குப் புறப்பட்டார். அங்கே விபுலானந்த அடிகள், நாவலர் சோமசுந்தர பாரதியார் ஆகியோரும் அவர் காலத்தில் பணிபுரிந்தனர். பாரதியாரும் வக்கீலாக இருந்து தமிழாசிரியர் ஆனவரே.

1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். அடுத்த 25 ஆண்டுகள் அவருடைய பணி அங்கேயே நடந்தது. எனினும் அவருடைய வகுப்பறைக்குச் சுவர் இல்லை. கம்பராமாயணத்தையும் சிலப்பதிகாரத்தையும் திருக்குறளையும் நகரத்தின் மன்றங்களில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து விளக்கினார். பல்கலைக்கழக வாசலை மிதியாத மக்களும் அவர் மாணவர் ஆயினர். அடுக்கடுக்காக எதுகையும் மோனையும் வந்து விழும் அவர் நடையில் மயங்காதார் அரியர். தருமபுர ஆதீனம் அவருக்குச் சொல்லின் செல்வர் என்னும் பட்டம் வழங்கியது.

வாதத் திறமையும் வீணாகவில்லை. கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தபோது, 1943 பிப்ரவரி 9 அன்று சென்னை சட்டக் கல்லூரி மண்டபத்தில் அறிஞர் அண்ணாவுக்கு எதிர்ப்பக்கம் நின்று கம்பனுக்காக வழக்காடினார். அந்த அவைக்குத் தலைமை தாங்கியவர் நம் கோவை சி. எம். இராமச்சந்திரஞ் செட்டியார். சேதுப்பிள்ளை சட்டம் பயின்றது சென்னையில். அதே நகரின் சட்டக் கல்லூரியில், கூலி வாங்காமல், இறந்துபோன கவிஞன் ஒருவனுக்காக அவர் வாதாடினார்.

இனி நம் கடனைக் கூறுவோம். கால்டுவெல் ஐயரின் சரித்திரத்தை எழுதியவர் இவர். கிறிஸ்தவத் தமிழ்த் தொண்டர் என்னும் நூலில், இத்தாலியிலிருந்து வந்து சூசையப்பருக்குத் தேம்பாவணி என்னும் காப்பியம் பாடிய நம் வீரமாமுனிவரை, வேற்றுமை பாராட்டாமல் தமிழ்ச் சான்றோர் வரிசையில் வைத்துப் போற்றினார். சமயம் வேறாயினும் தொண்டைத் தொண்டாகக் கண்ட பெருமனம் அது. தமிழகம் ஊரும் பேரும் என்னும் நூலில் ஊர்ப் பெயர்களைக் கொண்டே நாட்டின் வரலாற்றைக் காட்டினார். படை தங்கிய இடம் பாளையம் என்று அறிந்தபின், நம் சேவூரைச் சுற்றியுள்ள பாளையங்கள் வெறும் பேருந்து நிறுத்தங்களாகத் தோன்றுமா?

சாகித்திய அகாதெமி பரிசளிக்கத் தொடங்கிய 1955ஆம் ஆண்டிலேயே, தமிழுக்குரிய முதற் பரிசு அவருடைய தமிழின்பம் நூலுக்குக் கிடைத்தது. 1961 ஏப்ரல் 25 அன்று மறைந்தார். தாயார் சொர்ணம்மாள் பெயரில் அவர் நிறுவிய அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் அவருக்குப் பின்னும் தமிழ் வளர்த்தன.

அன்புள்ள பங்கு மக்களே! பனியன் தொழில் நமக்குச் சோறு போடுகிறது; அதை நாம் மறக்கலாகாது. ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணி, படிக்கும் பிள்ளையைப் பாதியில் நிறுத்தும் வழக்கத்தை நாம் கண்டிருக்கிறோம். வாத்தியார் வேலையில் என்ன கிடைக்கும் என்று கேட்டு, பிள்ளையின் ஆசையை அணைப்பதையும் கண்டிருக்கிறோம். வழக்கில் வென்றவர் பெயர் தீர்ப்போடு முடிந்துவிடும். நல்லாசிரியர் பெயரோ மாணவர் நாவில் தலைமுறை தலைமுறையாக வாழும். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று, நான் ஆசிரியராவேன் என்று சொன்னால் தடுக்காதீர்கள், தட்டிக்கொடுத்து அனுப்புங்கள். இந்த ஜூபிலியில் நாம் எடுக்கும் நல்ல தீர்மானங்களில் இதுவும் ஒன்றாகட்டும்.