டூரிங் போட்ட அட்டவணை

போத்தனூர் என்றால் நமக்கு ரயில்வே ஜங்ஷன்தான் ஞாபகம் வரும். அந்தப் போத்தனூரில் 1881ல் ஈதல் சாரா ஸ்டோனி என்ற பெண் குழந்தை பிறந்தது. அப்பா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். அந்தப் பெண் வளர்ந்து, மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த ஜூலியஸ் டூரிங்கை மணந்தார். அவர்களுடைய இரண்டாவது மகன்தான் ஆலன் டூரிங். கம்ப்யூட்டர் பாடத்தின் முதல் பக்கத்திலேயே பெயர் வரும் அதே டூரிங்தான்.

அவர் பிறந்தது லண்டனில், 1912 ஜூன் 23. அப்பாவுக்கு வேலை இங்கே என்பதால், பிள்ளைகளை இங்கிலாந்திலேயே ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். பள்ளிப்படிப்பு முடிந்து 1931ல் கேம்பிரிட்ஜில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். யுத்த காலத்தில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைக்கப் பாடுபட்டது எல்லோருக்கும் தெரியும். 2014ல் சினிமாவாகவே வந்துவிட்டது. அதனால் அதை விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின கதை.

1936ல், 24 வயதில், ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஒரு கற்பனை இயந்திரம் வருகிறது. அதற்கு நீளமான ஒரு நாடா உண்டு. நாடாவில் கட்டம் கட்டமாகக் குறிகள் இருக்கும். இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைத்தான் பார்க்கும். இந்த நிலையில் இந்தக் குறியைப் பார்த்தால் இதை எழுது, இந்தப் பக்கம் நகரு, அடுத்த நிலைக்குப் போ என்று ஒரு அட்டவணை இருக்கும். இயந்திரத்தின் புத்தி முழுக்க அந்த அட்டவணையில்தான்.

அடுத்துதான் பெரிய வேலை. அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் எழுத்துக்களாக மாற்றினார். பிறகு ஏ என்றால் 1, சி என்றால் 2, டி என்றால் 3 என்று ஏழு குறிகளுக்கு ஏழு இலக்கம் கொடுத்தார். ஆக, ஒரு இயந்திரம் மொத்தமும் ஒரே ஒரு நீள எண்ணாகிவிடும். நம்ம மைக்ரோப்ராசஸர் லேபில் 8085 கிட்டில் நிறுத்து என்பதற்கு 76 என்று தட்டுகிறோமே, அந்தப் பழக்கத்தின் வேர் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அப்புறம் ஒரு பொது இயந்திரத்தை வடிவமைத்தார். வேறு எந்த இயந்திரத்தின் அட்டவணையையும் நாடாவில் எழுதிக் கொடுத்தால் போதும். இது வரி வரியாகத் தேடிப் படித்து, அந்த இயந்திரம் போலவே நடந்துகொள்ளும். இன்று இதைத்தான் எமுலேட்டர் என்கிறோம். ஓட்டிப் பார்க்க உலகத்தில் ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லாத காலத்தில் எமுலேட்டர்! எல்லாம் பேனாவும் பேப்பரும்தான்.

ஓட்டிப் பார்க்க முடியாத புரோகிராமில் தப்பு இருந்தால் எப்படித் தெரியும்? இன்னொரு ஆள் உட்கார்ந்து படித்தால்தான் தெரியும். பால் பெர்னேஸ் என்ற கணித அறிஞர் படித்துச் சில பிழைகளைச் சுட்டிக்காட்டினார். அவற்றை ஏற்று, அவருக்கு நன்றியும் சொல்லி, 1937ல் டூரிங் ஒரு திருத்தம் வெளியிட்டார். ஆனால் பொது இயந்திரத்தின் அட்டவணையில் இருந்த பிழைகள் அப்படியே கிடந்தன. 1947ல் எமில் போஸ்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தன் கட்டுரை ஒன்றின் பின்னிணைப்பில் அவருடைய இயந்திரத்தை ஆராய்ந்து குறைகளை எழுதினார்.

அதே 1947ல்தான் டொனால்ட் டேவிஸ் வருகிறார். லண்டன் பக்கத்திலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், டூரிங் வடிவமைத்த ஏஸ் கம்ப்யூட்டர் குழுவில் சேர்ந்த 23 வயதுப் பையன். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவரின் மகன். பிறந்த சில மாதங்களிலேயே அப்பா போய்விட்டார். இந்தப் பையன் டூரிங்கின் கட்டுரையை எடுத்து அட்டவணைகளை வரி வரியாகப் படித்தான். சில வெறும் எழுத்துப் பிழைகள். சில நிஜமாகவே புரோகிராம் பிழைகள், எழுதியபடி ஓட்டினால் இயந்திரம் வேலை செய்யாது. நேரே போய் டூரிங்கிடமே சொல்லிவிட்டான். டூரிங்குக்குக் கோபம் வந்துவிட்டது. அடிப்படைக் கருத்து சரியாகத்தானே இருக்கிறது, இதெல்லாம் ஒரு விஷயமா என்பது அவர் நிலை.

கருத்து சரிதான், மறுக்கவில்லை. ஆனாலும் நான் டேவிஸ் பக்கம். என் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். என் ரெக்கார்டு நோட்டைப் புரட்டி இது சரி, இது தப்பு என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது. பக்கத்து பெஞ்ச் நண்பன் படித்துச் சொன்னால்தான் உண்டு. அப்படிப்பட்டவனுக்கு, மேதையின் அட்டவணையையும் படித்துப் பார்த்துச் சொன்ன ஒரு குமாஸ்தா மகனைப் பிடிக்காமல் போகுமா! (இந்த டேவிஸ்தான் 1960களில், செய்தியைச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி அனுப்பும் முறையை உருவாக்கி, அதற்கு பாக்கெட் என்று பேரும் வைத்தவர். இன்டர்நெட் ஓடுவது அந்த முறையில்தான்.) அவர் செய்த திருத்தங்கள் அவர் இறந்த பிறகு, 2004ல்தான் புத்தகத்தில் அச்சாயின.

அதன் பிறகு டூரிங் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. 1949 ஜூனில் கேம்பிரிட்ஜில் ஒரு கருத்தரங்கு. பெரிய புரோகிராம் சரியா என்று சோதிப்பது எப்படி என்பதுதான் அவர் பேசிய தலைப்பு. நீளமான கூட்டல் கணக்கில் மீதி எண்களையும் எழுதி வைத்தால், பார்ப்பவர் ஒவ்வொரு ஸ்தானமாகத் தனித்தனியே சரிபார்க்கலாம். எழுதாவிட்டால் மொத்தக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். அதேபோல, புரோகிராம் எழுதுகிறவர் இந்த இடத்தில் இந்த எண் இவ்வளவு இருக்கும் என்று இடையிடையே உறுதி எழுதிக் கொடுக்கணும், சோதிப்பவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கணும் என்றார். பெருக்கலே இல்லாமல், வெறும் கூட்டலில் ஃபேக்டோரியல் கண்டுபிடிக்கும் புரோகிராம்தான் உதாரணம். அதிலும் ஒரு வேடிக்கை. கரும்பலகையில் எண்களை அவர் தன் வழக்கப்படி வலமிருந்து இடமாகத் திருப்பி எழுதியதால், கேட்டவர்கள் குழம்பிப் போனார்களாம். அச்சான உரையிலும் ஏகப்பட்ட பிழை. 1984ல் மாரிஸ், ஜோன்ஸ் என்ற இருவர் அதைத் திருத்தி விளக்கி வெளியிட்டார்கள்.

இன்றைய எமுலேட்டர்களிலும் இதே பாடுதான். க்யூஇமு என்ற எமுலேட்டர் ஒரு முழுக் கம்ப்யூட்டர் போலவே நடிக்கும். என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குச் சொல்ல, ஃபர்ம்வேர் அட்டவணைகளையும் உண்டாக்கித் தரும். சரியான அட்டவணையின் நகல் ஒன்று சோதனைக்கென்றே இருக்கும். யாராவது கோடை மாற்றி அட்டவணை மாறினால் சோதனை தோற்றுவிடும். மாற்றுகிறவர் எந்த அட்டவணை மாறப்போகிறது என்று முதலில் அறிவிக்க வேண்டும். அப்புறம்தான் கோடை மாற்றலாம். கடைசியில் புது அட்டவணையைக் கொடுக்கும்போது, பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசத்தை மனிதர் படிக்கிற வடிவில் எழுதித் தரவேண்டும். வெறும் எண் வரிசையைப் பார்த்து யாரால் சரி தப்பு சொல்ல முடியும்?

டூரிங்கின் கடைசி வருஷங்கள் வேதனையானவை. 1948ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1951ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். மறு வருஷமே, ஓர் ஆணுடன் உறவு வைத்திருந்தார் என்று கோர்ட்டில் நிறுத்தினார்கள். அப்போது இங்கிலாந்தில் அது குற்றம். சிறைக்குப் பதிலாக ஒரு வருஷம் ஹார்மோன் ஊசி போட்டார்கள். ரகசியக் குறியீட்டு வேலையிலிருந்தும் விலக்கினார்கள். தேசத்தைக் காப்பாற்றப் பாடுபட்ட மனுஷனுக்கு அந்த தேசம் செய்த மரியாதை! 1954 ஜூன் 7 அன்று சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. தற்கொலை என்று விசாரணையில் தீர்ப்பானது. பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2009ல். அரச மன்னிப்பு வந்தது 2013ல்.

2021ல் அவர் பிறந்த நாளன்று இங்கிலாந்து வங்கி வெளியிட்ட 50 பவுண்டு நோட்டில் அவர் படம் இருக்கிறது. கூடவே 1936 கட்டுரையிலிருந்து எடுத்த ஓர் அட்டவணையும். நோட்டின் படத்தைப் பெரிதாக்கி, நானும் நண்பனும் அதை ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்தோம்.