பிரெடரிக் நிக்கல்சன்

சர் பிரெடரிக் அகஸ்டஸ் நிக்கல்சன் (1846 – 1936) பிரித்தானிய இந்தியாவின் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆட்சிப் பணி அலுவலர் ஆவார். உழவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைப்பதற்கான வழிகளை ஆராய்ந்து இவர் எழுதிய அறிக்கை, இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தோன்றுவதற்கு அடிப்படையாக அமைந்தது. இதனால் இவர் இந்தியக் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். சென்னை மாகாண மீன்வளத் துறையைத் தோற்றுவித்தவரும் இவரே.

ஆட்சிப் பணி

நிக்கல்சன் 1869 ஆம் ஆண்டில் சென்னை ஆட்சிப் பணியில் சேர்ந்தார். மாகாணத்தில் மாவட்ட ஆட்சியராகவும் பணியாற்றினார். இவர் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு 1887 இல் வெளிவந்தது. மானாவாரி நிலங்களும் கிணற்றுப் பாசன நிலங்களும் மிகுந்த அம்மாவட்டத்தின் வேளாண்மை, நிலவரி, மக்கள் வாழ்க்கை ஆகியவற்றை அந்நூல் விரிவாகப் பதிவு செய்கிறது.

அக்கால உழவர் கடன்

1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தைக் கடுமையாகப் பாதித்தது. அதற்குச் சற்று முன்னர், 1875 இல், பம்பாய் மாகாணத்தின் பூனா, அகமதுநகர் மாவட்டங்களில் உழவர்கள் வட்டிக் கடைக்காரர்களைத் தாக்கிக் கடன் பத்திரங்களை எரித்தனர். உழவர் கடன் ஓர் ஆட்சிச் சிக்கலாகவே அரசால் பார்க்கப்படத் தொடங்கியது. நில மேம்பாட்டுக் கடன் சட்டம் 1883 இலும், உழவர் கடன் சட்டம் 1884 இலும் இயற்றப்பட்டன. தக்காவி எனப்பட்ட இந்த அரசுக் கடனைப் பெற விண்ணப்பம், விசாரணை, ஈடு ஆகிய மூன்றும் தேவைப்பட்டன. உள்ளூர் வட்டிக்காரரோ கேட்ட அன்றே பணம் கொடுத்தார். எனவே வட்டி உயர்ந்திருந்தும் உழவர்கள் அவரையே நாடினர்.

திருச்சுழி வட்டாரத்தின் நிலை

இச்சிக்கலின் தன்மையை அறிய அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் ஏற்ற எடுத்துக்காட்டாகும். நிக்கல்சன் காலத்தில் இவ்வட்டாரம் மதுரை மாவட்டத்துக்குள் இராமநாதபுரம் சமீனைச் சேர்ந்திருந்தது. 1910 இல் இராமநாதபுரம் தனி மாவட்டமாயிற்று. 1985 முதல் இப்பகுதி விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது.

இங்குள்ள நிலத்தின் பெரும்பகுதி கரிசல். குண்டாறு ஆண்டின் பெரும்பாலான நாட்களில் வறண்டே கிடக்கும். பருத்தி, கம்பு, சோளம் ஆகியவை வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பயிரிடப்பட்டன. ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த விதைப்புக்கு விதையும் இராது, மாட்டுக்குத் தீவனமும் இராது. கடன் கேட்பவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் கேட்பர். திருப்பித் தர இயலாதவர்களும் ஒரே நேரத்தில் இயலாதவராவர். கடன் கொடுப்போர் சிலராகவும் கேட்போர் பலராகவும் இருந்ததால் வட்டி மேலும் உயர்ந்தது. விளைச்சலைக் கடன் கொடுத்த வணிகரிடமே அவர் சொன்ன விலைக்கு விற்க நேர்ந்தபோது, உழவர் வட்டியோடு விலையிலும் இழப்பு அடைந்தார்.

அறிக்கை

1892 இல் சென்னை அரசு, உழவர் வங்கிகளைப் பற்றி ஆராயும் பணியை நிக்கல்சனிடம் ஒப்படைத்தது. ஐரோப்பிய நாடுகளின் கடன் நிறுவனங்களை ஆராய்ந்து இவர் எழுதிய அறிக்கையின் முதற் தொகுதி 1895 இலும் இரண்டாம் தொகுதி 1897 இலும் வெளிவந்தன. சென்னை மாகாண உழவர்களின் மொத்தக் கடன் 45 கோடி ரூபாய் என்று இவர் மதிப்பிட்டார்.

செருமனியின் ஏழ்மையான மலைப்பகுதியில் நகரத் தலைவராக இருந்த பிரீட்ரிக் ரைபைசன் (1818 – 1888) அமைத்த சிற்றூர்ச் சங்கங்களே இவரைப் பெரிதும் கவர்ந்தன. அச்சங்கங்களின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

- ஒரு சங்கத்தின் எல்லை ஓர் ஊர் அல்லது சில ஊர்கள் மட்டுமே.
- உறுப்பினர் அனைவரும் சங்கத்தின் கடனுக்கு வரம்பின்றிப் பொறுப்பாவர்.
- பயன் தரும் தேவைகளுக்கே கடன் வழங்கப்படும்.
- இலாபம் பங்கிடப்படாமல் சேமநிதியில் சேர்க்கப்படும்.

இவற்றுள் வரம்பற்ற பொறுப்பே இன்றியமையாதது. ஒருவர் கடனைக் கட்டத் தவறினால் அது மற்றவர் தலையில் விழும். ஆகவே யாருக்குக் கடன் தரலாம், வாங்கிய பணம் விதைக்குப் போயிற்றா என்பதை ஊராரே கவனிப்பர். நிலம் ஈடாக இல்லாதவருக்கும் அவருடைய நாணயமே ஈடாக அமையும். வட்டிக்காரரைத் தடை செய்வதால் மட்டும் பயனில்லை, அவருடைய இடத்தை நிரப்பும் அமைப்பு ஊருக்குள்ளேயே வளர வேண்டும் என்பதே அறிக்கையின் சாரம் எனலாம்.

இத்தகைய கூட்டு முயற்சி தமிழருக்குப் புதியதன்று. சென்னையிலும் பிற நகரங்களிலும் இயங்கிய நிதிகளை நிக்கல்சன் தம் அறிக்கையில் ஆராய்ந்துள்ளார். அருப்புக்கோட்டை நாடார் வணிகர்கள் உறவின்முறை வழியாக மகமை திரட்டிப் பொது நிதி அமைத்திருந்தனர். ஆயினும் இத்தகைய நிதிகள் வணிகரிடமும் நகரத்தாரிடமும் வேரூன்றிய அளவுக்குக் கூலி உழைப்பாளரிடம் வேரூன்றவில்லை.

1904 ஆம் ஆண்டுச் சட்டம்

அறிக்கை உடனடியாகச் செயல்வடிவம் பெறவில்லை. 1901 இல் அமைந்த பஞ்ச ஆணையத்தில் நிக்கல்சன் உறுப்பினராக இருந்தார். பரசுபரக் கடன் சங்கங்களை அமைக்கும்படி அவ்வாணையம் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் சர் எட்வர்டு லா தலைமையில் அமைந்த குழுவிலும் இவர் இடம் பெற்றார். இவற்றின் விளைவாகக் கர்சன் பிரபுவின் ஆட்சியில் 1904 மார்ச்சு மாதத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது. சிற்றூர்ச் சங்கங்களுக்கு வரம்பற்ற பொறுப்பு விதியாக்கப்பட்டது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. 1912 ஆம் ஆண்டுச் சட்டம் கடன் தவிர்த்த பிற நோக்கங்களுக்கும் சங்கம் அமைக்க இடமளித்தது.

மீன்வளப் பணி

ஆட்சிப் பணிக்குப் பின்னர் நிக்கல்சன் மாகாணத்தின் மீன்பிடித் தொழிலை ஆராய்ந்தார். சப்பானிய மீன்பிடித் தொழிலைப் பற்றிய இவருடைய குறிப்பு 1907 இல் வெளிவந்தது. அவ்வாண்டில் மீன்வளப் பணியகம் நிறுவப்பட்டது. ஊதியமின்றி அதன் மதிப்புறு இயக்குநராக 1918 வரை பணியாற்றினார். இவருக்குப் பின் சேம்சு ஹார்னெல் அப்பொறுப்பை ஏற்றார். நிக்கல்சன் 1936 இல் காலமானார்.

தாக்கமும் குறைகளும்

கூட்டுறவுச் சங்கங்கள் எண்ணிக்கையில் பெருகின. ஆனால் நிக்கல்சன் வலியுறுத்திய, ஊரார் ஒருவரையொருவர் அறிந்து பொறுப்பேற்கும் முறை நாளடைவில் தளர்ந்தது. 1951-52 இல் நடந்த அனைத்திந்திய ஊரகக் கடன் ஆய்வில், உழவர்கள் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு சுமார் 3 விழுக்காடு மட்டுமே என்றும், ஏறத்தாழ 70 விழுக்காடு வட்டிக்காரர்களிடமிருந்தே பெறப்பட்டது என்றும் தெரிய வந்தது.

இதற்கிடையே சட்டத்தின் மூலம் கடன் சுமையைக் குறைக்கும் முயற்சியும் நடைபெற்றது. இராசாசி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1938 இல் கொண்டு வந்த உழவர் கடன் நிவாரணச் சட்டம், பழைய கடன்களின் வட்டி நிலுவையை நீக்கியது. அசலைப் போல் இருமடங்கு செலுத்தியிருந்தால் அத்தகைய கடன் தீர்ந்ததாகவும் கொள்ளப்பட்டது. இது பழைய சுமையைத் தணித்தது. ஆயினும் அடுத்த விதைப்புக்கு யாரிடம் கடன் வாங்குவது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

நிலமற்ற குடும்பங்களின் நிலை இதனினும் கடினம். பயிர்க்கடன் பெற நிலம் வேண்டும். திருச்சுழி போன்ற வட்டாரங்களில் கூலி வேலையையும் சீமைக் கருவேலங்கரி மூட்டத்தையும் நம்பி வாழ்வோர், மருத்துவச் செலவு, திருமணம், பள்ளிக் கட்டணம் போன்றவற்றுக்கே பெரும்பாலும் கடன் வாங்குகின்றனர். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 36 விழுக்காடு. பத்து ரூபாய் என்பது 120 விழுக்காடு. தண்டல் முறையில் 10,000 ரூபாய்க்கு 1,000 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்கள் வசூலித்தால், உண்மையான வட்டி ஆண்டுக்கு 75 விழுக்காட்டைத் தாண்டும். நாள்தோறும் சிறு தொகையாகக் கட்டுவதால் கட்டுபவருக்கு இந்த உயர்வு எளிதில் புலப்படுவதில்லை.

தமிழ்நாடு அரசு 2003 இல் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. இருப்பினும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்து வட்டிக் கொடுமை காரணமாக ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே தீக்கிரையானது, தடை மட்டும் போதாது என்பதைக் காட்டியது. கட்டாயக் கடன் வசூலைத் தடுக்கும் மற்றொரு சட்ட முன்வடிவைச் சட்டப்பேரவை 2025 இல் நிறைவேற்றியது.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989 இல் தருமபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டமாகத் தொடங்கப்பட்டன. இருபது பேருக்கு மிகாத குழு, சிறு சேமிப்பு, நிலத்துக்கு மாற்றாக ஒருவருக்கொருவர் அளிக்கும் பொறுப்பு ஆகியவை நிக்கல்சன் பரிந்துரைத்த சங்கத்தை ஒத்திருக்கின்றன. அவருடைய திட்டம் சென்றடையாத நிலமற்ற குடும்பங்களையும் இக்குழுக்கள் உறுப்பினராக்கிக் கொண்டன.