அறிஞர் பெய்ரிங்க்

ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 1851ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள் மார்ட்டினஸ் பெய்ரிங்க் பிறந்தார். அவர்தம் தந்தையார் புகையிலை வணிகர். வணிகம் நொடித்தமையால் குடும்பம் வறுமையுற்றது. தந்தையைக் கைவிட்ட அப்புகையிலையே பிற்காலத்தில் மைந்தர்க்கு அழியாப் புகழைத் தந்தது.

டெல்ஃப்ட் நகரில் கல்வி கற்ற பெய்ரிங்க், வாகனிங்கன் என்னும் ஊரின் வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியரானார். அங்கே அடால்ஃப் மேயர் என்பார், புகையிலைச் செடியின் இலைகளைத் திட்டுத் திட்டாக வெளிறச் செய்யும் நோயொன்றை ஆராய்ந்து வந்தார். நோயுற்ற இலையின் சாற்றை நல்ல செடியில் செலுத்தினால், அதுவும் நோயுறும். அதற்குக் காரணமான பாக்டீரியாவைப் பெய்ரிங்க் உருப்பெருக்கியின் வழியே தேடினார், காணவில்லை. அத்தோல்வி அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. 1885இல் டெல்ஃப்ட் நகரத் தொழிற்சாலையொன்றில் பணியேற்று, நுண்ணுயிர் ஆய்வில் தேர்ச்சி பெற்றார். 1895இல் அந்நகரிலேயே பேராசிரியரானதும், பழைய வினாவை மீண்டும் கையில் எடுத்தார்.

பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் பீங்கான் வடிகட்டியில் நோய்ச்சாற்றை அவர் வடித்தார். வடித்த சாறும் நோயை உண்டாக்கிற்று. அது வெறும் நஞ்சாயின், செடிக்குச் செடி மாறும்போது ஆற்றல் குன்ற வேண்டுமன்றோ? ஒரு செடியின் சாறு மற்றொன்றையும், அதன் சாறு பிறிதொன்றையும் தாக்கிற்று. வேகம் சிறிதும் குறையவில்லை. ஆகவே அது பெருகுகிறது என்பது தெளிவாயிற்று. எனினும் குப்பியில் வைத்த சாற்றில் அது பெருகவில்லை. வளரும் இளந்தளிர்களிலேயே பெருகிற்று. உயிரணுவினுள் புகுந்தாலன்றி அது பெருகாது என்று 1898இல் பெய்ரிங்க் அறிவித்தார்; அதனை வைரஸ் என அழைத்தார்.

வடிகட்டிச் சோதனையை உருசிய அறிஞர் இவனோவ்ஸ்கி 1892இலேயே செய்து வெளியிட்டிருந்தார். அதனைப் பின்னர் அறிந்த பெய்ரிங்க், அம்முதன்மை அவருக்கே உரியது என ஒப்புக்கொண்டார். பெருகும் வகையைத் தெளிந்ததே பெய்ரிங்கின் தனிச் சிறப்பாகும்.

வைரஸ் நீர்மப் பொருள் என்று அவர் கருதியது பிழையாயிற்று. 1935இல் அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி அதனைப் படிகமாகப் பிரித்தார். 1939இல் எலக்ட்ரான் உருப்பெருக்கி அதன் கோல் வடிவைக் காட்டிற்று. அக்கோலின் உள்ளே ஆர்.என்.ஏ. என்னும் இழை, புறத்தே புரத உறை. உண்ணவோ வளரவோ அதற்கு இயலாது. உயிரணுவினுள் புகுந்ததும் உறை கழலும். இழை உயிரணுவை ஏவல் கொள்ளும். பிறர் அச்சகத்துள் புகுந்து, அவர்தம் பொறியும் தாளும் மையும் கொண்டு தன் ஏட்டைப் பல படிகளாக அச்சிட்டுக்கொள்பவனை அது ஒக்கும். இழைகளும் உறைகளும் தனித்தனியே உண்டாகிப் பின்னர் இணைந்து புதிய வைரஸ்கள் ஆகின்றன.

1921இல் ஓய்வு பெற்ற பெய்ரிங்க், 1931ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மறைந்தார். தாம் ஆராய்ந்த பொருளின் உருவை அவர் ஒருநாளும் கண்டாரல்லர். எனினும் கண் காணாததைக் கருத்தால் கண்டார். முதல் தோல்வியை மறவாது மீண்டும் முயன்றமையே அவ்வெற்றிக்கு வித்தாயிற்று.