லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் (ஏப்ரல் 14, 1822 – மார்ச் 2, 1902) பிரித்தானிய படை அதிகாரியும் ஒளிப்படக் கலைஞரும் ஆவார். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய இவர், 1857–58 காலப்பகுதியில் தமிழகத்தில் பயணம் செய்து எடுத்த படங்கள் தொகுதிகளாக வெளியிடப்பட்டன. அத்தொகுதிகள் இன்று அருங்காட்சியகங்களும் தனியார் சேகரிப்பாளர்களும் தேடும் அரிய பொருட்களாக உள்ளன.

வாழ்க்கைக் குறிப்பு

டிரைப் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தார். 1839 இல் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது ஒளிப்படக் கலையைக் கற்று, 1853 இல் இலண்டன் ஒளிப்படக் கழகத்தில் உறுப்பினரானார். இந்தியா திரும்பிய பின் 1854 இறுதியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். இப்படங்கள் 1855 ஆம் ஆண்டு சென்னைக் கண்காட்சியில் முதல் வகுப்புப் பதக்கம் பெற்றன.

அதே ஆண்டில் டல்ஹௌசி பிரபு பர்மிய அரசவைக்கு அனுப்பிய தூதுக்குழுவில் ஒளிப்படக் கலைஞராக இடம்பெற்றார். அப்பயணத்தில் எடுத்தவற்றுள் 120 படங்களைத் தேர்ந்து, 50 படிகள் கொண்ட தொகுப்பாகப் பெங்களூரில் அச்சிட்டார்.

தமிழகப் பயணம்

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் கருவிகளுடன் புறப்பட்ட டிரைப், நான்கு மாதங்களுக்கு மேல் பயணம் செய்தார். அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த இராயக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் படமெடுத்தார். இராயக்கோட்டை, தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூருக்குத் தென்மேற்கே, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது.

கண்ணாடித் தகட்டுக்குப் பதிலாக மெழுகிட்ட தாளை எதிர்ப்படிவமாக இவர் பயன்படுத்தினார். தாளை முன்கூட்டியே ஆயத்தம் செய்து எடுத்துச் செல்ல முடிந்ததால் நெடும்பயணத்திற்கு அது ஏற்றதாக இருந்தது. எனினும் ஒளிபடும் நேரம் மிகுதி. ஆகவே அசையும் மனிதர்களைக் காட்டிலும் அசையாக் கட்டடங்களே தெளிவாகப் பதிந்தன. வெறுமையாகத் தோன்றிய வானத்தில் மேகங்களை எதிர்ப்படிவத்தின் மீது கையால் வரைந்து சேர்ப்பதும் இவரது வழக்கம்.

தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒன்றாக ஒட்டினார். இவ்வாறு உருவான அகலப்படம் சுமார் 19 அடி நீளமுடையது. தஞ்சைக் கல்வெட்டுகள் 1890களில் ஊல்ச் என்பவரால் பதிப்பிக்கப்படுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட பதிவு இது. 1858 இல் அமராவதிச் சிற்பங்களையும் சென்னையில் படமெடுத்தார். அவற்றுள் பல பின்னர் இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டன.

பணி முடிவு

1859 இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரவெலியன், அரசு ஒளிப்படப் பணியை வீண் ஆடம்பரம் எனக் கருதி நிறுத்த ஆணையிட்டார். 1860 இல் அப்பணி முடிவுக்கு வந்தது. அதன் பின் டிரைப் மிகச் சில படங்களே எடுத்தார். படைப்பணியில் தொடர்ந்த இவர், 1870களில் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பி, பிறந்த ஊரிலேயே காலமானார்.

தொகுதிகளின் மதிப்பு

டிரைப்பின் தமிழகப் படங்கள் ஊர் வாரியாக 1858 இல் தொகுதிகளாக்கப்பட்டன. மதுரைக்கு மட்டும் நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொரு படமும் கையால் அச்சிடப்பட்டுத் தாளில் ஒட்டப்பட்டதாகும். ஆகையால் முழுமையாக எஞ்சியுள்ள படிகள் குறைவு. பழைய படத்தொகுதிகளைப் பிரித்துத் தனித்தனிப் படங்களாக விற்கும் வழக்கமும், ஒளிபட்டால் அச்சு மங்கிவிடும் இயல்பும் அவற்றை மேலும் அரிதாக்கின. தொகுதி பிரிக்கப்படும்போது படங்களின் வரிசையும் விளக்கக் குறிப்பும் தொலைந்து போகின்றன. எந்த ஊர், எந்த மண்டபம் என்பதே தெரியாமல் போகக்கூடும்.

வரலாற்று ஆய்வாளருக்கு இவற்றின் பயன் வேறு வகையானது. மதுரைத் திருமலை நாயக்கர் மகால் பின்னர் நேப்பியர் பிரபுவின் காலத்தில் சீரமைக்கப்பட்டது. அதற்கு முன் அது சிதைந்து கிடந்த நிலையை டிரைப்பின் படங்களில் காணலாம்.

இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகியவற்றில் இவரது படங்கள் பாதுகாக்கப்படுகின்றன. 2014–15 இல் வாசிங்டன், நியூ யோர்க், இலண்டன் ஆகிய நகரங்களில் இவரது படைப்புகளின் கண்காட்சி நடைபெற்றது.