ஐந்து மைலுக்குள் ஒரு வீடு



மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். வரைபடம் போட்டுப் பிழைக்கிற நான் யாரைப் பற்றி எழுதுவது? நம் வளாகத்தில் பிரார்த்தனையிலும் சிரமதானத்திலும் நாம் கேட்ட காந்தியத்தைச் செங்கல்லால் கட்டிக் காட்டிய லாரி பேக்கரைப் பற்றித்தான்.

1917 மார்ச் 2-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தார் பேக்கர். 1937-இல் கட்டடக்கலைப் படிப்பை முடித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மருத்துவத் தொண்டுக் குழுவோடு சீனா சென்றார். உடல் நலிந்து திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். கழிவுத் துணியில் பேக்கர் கையால் செய்து போட்டிருந்த செருப்பைக் காந்தி கவனித்தாராம்! கிராமத்து வீட்டை ஐந்து மைல் சுற்றுவட்டத்தில் கிடைக்கும் பொருள்களால் கட்ட வேண்டும் என்ற காந்தியின் எண்ணம், பேக்கரை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

1945-இல் தொழுநோயாளர் இல்லங்களைக் கட்டும் பணிக்காக மீண்டும் இந்தியா வந்தார். 1948-இல் டாக்டர் எலிசபெத்தை மணந்து, இமயமலையின் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கே பர்மிங்காம் படிப்பு கை கொடுக்கவில்லை. கல்லையும் மண்ணையும் கையாளத் தெரிந்த ஊர்க் கொத்தனார்களே அவருக்கு வாத்தியார் ஆனார்கள். 1963-இல் கேரளத்து வாகமண் மலைக்கும், பின்னர் திருவனந்தபுரத்துக்கும் குடிபெயர்ந்தார்.

அவர் செய்தது மந்திரம் ஒன்றும் இல்லீங்க. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, சுவர் நடுவே காற்றிடைவெளி விட்டார். ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம். வெயிலும் உள்ளே எளிதில் இறங்காது. தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு என்பதால், கம்பிகளுக்கிடையே பழைய ஓடுகளைப் பதித்தார். ஜன்னலுக்குப் பதில் செங்கல்லில் சல்லடைச் சுவர்: காற்று வரும், வெளிச்சம் வரும், திருடன் வர மாட்டான்! 1970-களில் பூந்துறையில் மீனவர்களுக்குக் கட்டிய வீடுகளை நேர்வரிசையில் அடுக்காமல் முன்னும் பின்னுமாக அமைத்தார். எல்லா வீட்டுக்கும் கடல்காற்று கிடைத்தது; வலை உலர்த்த முற்றமும் கிடைத்தது.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு குடும்பத்துக்கு நான் முதலில் போட்ட வரைபடம், திண்டுக்கல்லில் போடுவது போன்ற அதே கான்கிரீட் பெட்டிதான். உப்புக்காற்று கம்பியைத் தின்றது. ஆறே வருஷத்தில் கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து, குழந்தை தூங்கும் பாய்மேல் விழுந்தது. நல்லவேளை, அப்போது குழந்தை அங்கே இல்லை. அந்த வரைபடத்தில் இருந்தது என் கையெழுத்து.

இப்போது அதே குடும்பத்துக்கு வேறு வீடு வரைகிறேன். பேக்கரை அப்படியே நகல் எடுக்கவில்லை. அவருடைய ஓடு பதித்த தளத்திலும் கம்பி உண்டல்லவா? அதனால் கூரைக்குப் பனங்கையும் நாட்டு ஓடும். நன்றாக வெந்த செங்கல், சுண்ணாம்புப் பூச்சு, கடல்காற்று நுழைந்து வெளியேற எதிரெதிரே சல்லடைச் சுவர், வெயில் படாத அகலத் தாழ்வாரம். கொத்தனாரையும் வீட்டு ஆச்சியையும் கேட்ட பிறகே கோடு போட்டேன். பேக்கரிடம் நான் கற்றது அந்த வரிசையைத்தான்.

இந்தியக் குடியுரிமை பெற்று, 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற பேக்கர், 2007 ஏப்ரல் 1-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள். அதற்கு முன்னால் மனையைச் சுற்றி ஐந்து மைல் நடந்துவிட்டு வாருங்கள். நான் நடக்காமல் போட்டேன், அதனால்தான் சொல்கிறேன்.