ஒரே ஆள் வாசித்த 12 கிதார்! வீட்டுக்குள் இசைக்குழு கண்ட லெஸ் பால்

1951-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு இசைத்தட்டு பரபரப்பாக விற்பனை ஆயிற்று. ஹவ் ஹை தி மூன் என்பது பாட்டின் பெயர். 9 வாரங்கள் அது முதல் இடத்தை விட்டு இறங்கவில்லை.

அந்தப் பாட்டில் கிதார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அலைபோல எழும். பெண்கள் பலர் கூட்டமாகச் சேர்ந்து பாடுவது போல இருக்கும். பெரிய ஸ்டூடியோவில், பெரிய இசைக்குழுவை வைத்துப் பதிவு செய்திருப்பார்கள் என்று கேட்டவர்கள் நினைத்தார்கள்.

உண்மை வேறு. வாசித்தவர் ஒரே ஆள். பாடியவர் அவருடைய மனைவி ஒருவரே. கிதார் 12 தடவை, குரல் 12 தடவை என்று பதிவு செய்து ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். நியூயார்க் நகரில் குவீன்ஸ் பகுதியில் அவர்கள் குடியிருந்த வீடுதான் ஸ்டூடியோ.

அந்தக் கிதார் கலைஞர் லெஸ் பால். மனைவி மேரி போர்டு.

தண்டவாளத் துண்டு

லெஸ் பால் 1915-ம் ஆண்டு ஜூன் மாதம் 9-ந் தேதி விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள வாக்கிஷா என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் லெஸ்டர் வில்லியம் போல்ஸ்பஸ். சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். தாயார் ஈவ்லின்தான் மகனை வளர்த்தார்.

8 வயதில் மவுத் ஆர்கன் வாசிக்கத் தொடங்கினார். பிறகு கிதார் கைக்கு வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வாசிக்க ஆசை. கோட்டு மாட்டும் கம்பியை வளைத்து, மவுத் ஆர்கன் வாய்க்கு நேராக நிற்கும்படி தானே ஒரு தாங்கி செய்துகொண்டார்.

ஊருக்கு வெளியே சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில், காரில் வருகிறவர்களுக்காக வாசிப்பது வழக்கம். டெலிபோனில் பேசும் பகுதியைக் கழற்றி மைக் ஆக்கி, வீட்டு ரேடியோவில் இணைத்தார். பாட்டு நன்றாகக் கேட்கிறது, கிதார்தான் கேட்கவில்லை என்று காரில் இருந்த ஒருவர் குறை சொன்னார். உடனே கிராமபோன் ஊசியைக் கிதாரில் செருகி, அதையும் ரேடியோவில் இணைத்துவிட்டார்.

ஆனால் கிதாரின் மரப்பெட்டியும் சேர்ந்து அதிர்ந்ததால் இரைச்சல் வந்தது. அதிராத பொருளில் தந்தியைக் கட்டினால் என்ன என்று யோசித்தார். இரும்புப் பாதையின் தண்டவாளத் துண்டு ஒன்று கிடைத்தது. அதன்மேல் ஒரு தந்தியை இழுத்துக் கட்டி, அடியில் டெலிபோன் பாகத்தை வைத்து மீட்டினார். நாதம் நெடுநேரம் நின்றது!

துள்ளிக் குதித்து ஓடித் தாயாரிடம் காட்டினார். குதிரையில் போகிற பாடகன் தண்டவாளத்தை எப்படித் தூக்கிக்கொண்டு போவான் என்று தாயார் கேட்டாராம். இந்தக் கதையை லெஸ் பால் முதுமையிலும் சொல்லிச் சிரிப்பார்.

தண்டவாளத்தை விட்டார், எண்ணத்தை விடவில்லை. பின்னாளில் நியூயார்க்கில் 4 அங்குலச் சதுர மரக்கட்டையில் தந்தி கட்டி மின்சாரக் கிதார் செய்தார். முதலில் அதைக் கேலி செய்த கிப்சன் கம்பெனிதான், 1952-ம் ஆண்டு லெஸ் பால் என்ற பெயரிலேயே கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கார் கொட்டகை ஸ்டூடியோ

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வானொலி இசைக்குழுவில் சேர்ந்தவர் அவர். எந்த என்ஜினீயரிங் கல்லூரியிலும் படித்ததில்லை. இசைக்குறிப்பு படிக்கவும் தெரியாது.

1943-ம் ஆண்டு ஹாலிவுட் போனார். புகழின் உச்சியில் இருந்த பாடகர் பிங் கிராஸ்பியின் நட்பு கிடைத்தது. சொந்தமாக ஸ்டூடியோ கட்டிக்கொள்ளும்படி யோசனை சொன்னவர் கிராஸ்பிதான். லெஸ் பால் தம் வீட்டுக் கார் கொட்டகையை ஸ்டூடியோ ஆக்கினார். இசைத்தட்டு வெட்டும் எந்திரத்தைக் காடிலாக் காரின் ஃபிளைவீல் ஒன்றை வைத்துத் தாமே செய்தார்.

முதலில் ஒரு கிதாரை வாசித்துத் தட்டில் பதிவார். அந்தத் தட்டை ஓடவிட்டு, கூடவே வேறு பகுதியை வாசிப்பார். இரண்டும் சேர்ந்து இன்னொரு தட்டில் பதியும். இப்படியே 8 கிதார் வரை சேர்த்துப் பதிவு செய்த லவர் என்ற இசைத்தட்டு 1948-ம் ஆண்டு வெளிவந்தது.

கை போய்விடும் என்றார்கள்

அதே 1948-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பெரிய சோதனை வந்தது. ஒக்லஹோமா மாநிலத்தில் பனியில் வழுக்கிய கார் பள்ளத்தில் உருண்டது. காரை ஓட்டியவர் மேரி. லெஸ் பாலின் வலது கை முழங்கை நொறுங்கிவிட்டது.

கையை எடுத்துவிடலாமா என்றுகூட டாக்டர்கள் ஆலோசித்தார்கள். கை தப்பியது. ஆனால் முழங்கை இனி மடங்காது, நீட்டவும் முடியாது. ஒரே நிலையில்தான் இருக்கும் என்றார்கள். அப்படியானால் கிதார் வாசிக்கத் தோதாக வளைத்து வைத்துவிடுங்கள் என்று லெஸ் பால் கேட்டுக்கொண்டார். அப்படியே செய்தார்கள். மீண்டும் வாசிக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. 1949-ம் ஆண்டு டிசம்பரில் மேரியை மணந்துகொண்டார்.

ஒரு தவறு, எல்லாம் போச்சு!

அந்த 1949-ம் ஆண்டில்தான் கிராஸ்பி ஒரு பரிசு கொண்டுவந்து கொடுத்தார். ஆம்பெக்ஸ் டேப் ரிகார்டர்! அன்று அது புத்தம்புதிய எந்திரம். பெட்டியில் வைத்துக் காரில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

டேப் ரிகார்டரில் ஹெட் எனப்படும் பாகங்கள் மூன்று உண்டு. முதலாவது பழைய ஒலியை அழிக்கும். இரண்டாவது புதிய ஒலியைப் பதியும். மூன்றாவது பதிந்ததைக் கேட்க வைக்கும். லெஸ் பால் நாலாவதாக ஒரு ஹெட்டை, அழிக்கும் ஹெட்டுக்கு முன்னால் பொருத்தினார்.

பழைய ஒலி அழிவதற்குச் சற்று முன்பு, அந்த ஹெட் அதை எடுத்துக்கொள்ளும். அப்போது வாசிக்கும் கிதாருடன் அது கலந்து, அதே டேப்பில் மறுபடி பதியும். ஒரே ஒரு எந்திரத்தில் ஒரு இசைக்குழுவே அடங்கிவிட்டது.

இதில் ஒரு ஆபத்தும் இருந்தது. புதிது பதியும்போதே பழையது அழிந்துவிடும். பதினோரு முறை சரியாக வாசித்து, பன்னிரண்டாவது முறை விரல் தவறினால் அத்தனையும் பாழ். மறுபடி முதலில் இருந்து வரவேண்டும். அக்கம்பக்கத்து ஓசையும், தலைக்குமேல் போகும் விமானத்தின் இரைச்சலும்கூட வேலையைக் கெடுத்துவிடும்.

மறுபதிவு செய்யச் செய்ய, முதலில் பதிந்த ஒலி மங்கிக்கொண்டே போகும். அதனால் முக்கியம் இல்லாத பகுதிகளை முதலில் பதிந்தார்கள். முக்கியமான கிதாரும் குரலும் கடைசியில் வரும். மேரி தம் குரலுக்குத் தாமே துணைக்குரல் பாடவேண்டும். மூச்சு விடும் இடம்கூட மாறக்கூடாது. மைக்கை வாய்க்கு மிக அருகில் வைத்துப் பாடியதால் காதோடு பேசுவது போல இருந்தது அவர் குரல்.

ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும்போதும் எந்திரம் கூடவே போகும். தங்கும் அறையிலேயே பதிவு நடக்கும்.

எட்டுத் தடம்

ஒரு தவறுக்காக எல்லாவற்றையும் இழக்கும் தொல்லை தீரவேண்டும் என்று லெஸ் பால் விரும்பினார். ஒரே டேப்பில் 8 தடங்கள், ஒவ்வொன்றிலும் தனித்தனியே பதியலாம், ஒன்றைத் திருத்தினால் மற்றவை கெடாது. இப்படி ஒரு எந்திரத்தை ஆம்பெக்ஸ் கம்பெனியில் சொல்லிச் செய்வித்தார். 1957-ம் ஆண்டு அது வந்து சேர்ந்தது. விலை 10 ஆயிரம் டாலர்!

ஆனால் எந்திரம் வந்தபோது காலம் மாறியிருந்தது. இளைஞர்கள் ராக் அண்டு ரோல் இசையின் பக்கம் போய்விட்டார்கள். இந்தத் தம்பதியின் இசைத்தட்டுகள் முன்போல விற்கவில்லை. ஓயாத பயணமும் ஓயாத வேலையும் மேரியைச் சோர்வடையச் செய்தன. 1964-ம் ஆண்டு இருவரும் விவாகரத்து செய்துகொண்டார்கள். 1977-ம் ஆண்டு மேரி காலமானார். தவறைத் திருத்த எந்திரம் கண்டவருக்கு, இந்தப் பிரிவைத் திருத்த வழி கிடைக்கவில்லை.

திங்கட்கிழமைக் கச்சேரி

1980-ம் ஆண்டு லெஸ் பாலுக்கு இருதய ஆபரேஷன் நடந்தது. பிறகு நியூயார்க்கில் ஒரு சிறிய விடுதியில் திங்கட்கிழமைதோறும் வாசிக்கத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கவில்லை. மடங்கிய விரல்களை வைத்துக்கொண்டு வாசித்தார். 90 வயதைத் தாண்டியும் திங்கட்கிழமைக் கச்சேரி நடந்தது. 2005-ம் ஆண்டு அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் வரிசையில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது.

2009-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி நிமோனியாவால் இறந்தார். வயது 94. சொந்த ஊரான வாக்கிஷாவில் அடக்கம் செய்தார்கள்.

அவர் போட்ட பாதையில்தான் மற்றவர்கள் நடந்தார்கள். 1979-ம் ஆண்டு ஜப்பானின் டியாக் கம்பெனி, சாதாரண கேசட்டில் 4 தடம் பதியும் சிறு எந்திரத்தைக் கொண்டுவந்தது. மேஜைமேல் அடங்கும் அளவு. 1982-ம் ஆண்டு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற பாடகர் நியூஜெர்சியில் தம் வீட்டு அறையில் அமர்ந்து, அதில் கிதார் வாசித்துப் பாடினார். பிறகு இசைக்குழுவோடு ஸ்டூடியோவில் அதே பாட்டுகளைப் பாடிப் பார்த்தார். மனம் நிறையவில்லை. வீட்டில் பதிந்ததே நெப்ராஸ்கா என்ற இசைத்தட்டாக வெளிவந்து புகழ்பெற்றது.

இன்று சட்டைப் பையில் இருக்கும் செல்போனிலேயே பல தடங்களைப் பதியலாம். தவறினால் அந்த ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளலாம். ஒற்றை அறையில் குடியிருப்பவரும் வேலை முடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தானே ஒரு இசைக்குழு ஆகலாம். அந்த வசதி இல்லாத காலத்தில், ஒரு தவறுக்குப் பயந்துகொண்டே பன்னிரண்டு முறை வாசித்தவர் லெஸ் பால்.