ஜே. பி. எஸ். ஹால்டேன்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் (நவம்பர் 5, 1892 – டிசம்பர் 1, 1964) இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடியுரிமை பெற்ற உயிரியலாளர் ஆவார். மரபியல் ஆய்வுகளால் பெரிதும் அறியப்பட்டாலும், உயர் அழுத்த ஆக்சிசனின் தீங்கைத் தம் உடலிலேயே சோதித்தவர் என்ற வகையிலும் இவர் குறிப்பிடத்தக்கவர்.

ஆக்ஸ்போர்டில் பிறந்த இவர், உடலியங்கியலாளரான தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேனின் சோதனைகளில் சிறுவயதிலேயே பங்கேற்றார். 1939 இல் தீட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தனர். அதன்பின் பிரித்தானியக் கடற்படைக்காக அழுத்த அறைகளில் இவர் ஆய்வு செய்தார். மிகை அழுத்தத்தில் சுவாசித்த தூய ஆக்சிசன் சில நிமிடங்களிலேயே வலிப்பை உண்டாக்கியது. அத்தகைய வலிப்பொன்றில் இவரது முதுகெலும்புகள் நசுங்கின. அழுத்த மாற்றத்தால் செவிப்பறையும் துளைபட்டது.

தடைபட்ட குருதியோட்டம் மீளும்போது திசுக்களில் ஏற்படும் சேதத்தைக் குறைக்க ஆராயப்பட்டுவரும் உயரழுத்த ஆக்சிசன் சிகிச்சை ஹால்டேன் உருவாக்கியதன்று. ஆயினும் அச்சிகிச்சையில் அழுத்தம் பொதுவாக 3 வளிமண்டலத்தைத் தாண்டாததற்கும், இடையிடையே சாதாரணக் காற்று தரப்படுவதற்கும் இந்த வலிப்பு அபாயமே முதன்மைக் காரணம். குருதியுடன் திரும்பும் ஆக்சிசனே திசுச் சேதத்துக்கும் ஒரு காரணமாவதால், அளவு இங்கு இருமடங்கு முக்கியமாகிறது.

1957 இல் இவர் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். பின்னர் புவனேசுவரத்தில் குடியேறி, அங்கேயே புற்றுநோயால் இறந்தார். இவரது விருப்பப்படி உடல் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது.